கடைசிப் பெயர் கேட்கும் ஆன்லைன் கடை

ஆன்லைனில் ஒரு சின்னக் கடை திறப்பது இன்றைக்குப் பெரிய வேலை இல்லை. ஒரு டொமைன், ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாயில் ஹோஸ்டிங், இணையதளம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸ், அதற்குக் கடை வசதியைச் சேர்க்கும் வூகாமர்ஸ் என்ற இலவச பிளகின் (துணை மென்பொருள்). கொஞ்சம் விவரம் தெரிந்தவர் சனி, ஞாயிறு உட்கார்ந்தால் கடை தயார். திறந்த பிறகுதான் பாடு ஆரம்பிக்கிறது. வாடிக்கையாளர் பொருளைக் கூடையில் போட்டு, பணம் கட்டும் பக்கத்துக்கு வருகிறார். அங்கே முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்கள், இரண்டிலும் சிவப்பு நட்சத்திரம். அவர் பெயர் பி. சுடலைமுத்து. கடைசிப் பெயர் என்று அவருக்கு ஒன்று கிடையாது. சிலர் அப்பா பெயரைப் போடுகிறார்கள், சிலர் ஒரு புள்ளி வைக்கிறார்கள், சிலர் அதே பெயரை இன்னொரு தடவை அடிக்கிறார்கள். 'சுடலைமுத்து சுடலைமுத்து' என்று அச்சான லேபிளோடு பார்சல் கிளம்புகிறது. இதெல்லாம் நமக்கு ஒத்துவராது என்று போனை மூடிவைத்துவிடுபவர்களும் உண்டு. அவர்கள் எத்தனை பேர் என்பது கடைக்காரருக்குத் தெரியவே தெரியாது.

இந்த மென்பொருள்கள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் காரணம் புரியும். கனடாவின் ஒட்டாவா நகரில் 2004இல் ஸ்னோடெவில் என்ற பெயரில் பனிச்சறுக்குப் பலகை விற்ற ஓர் ஆன்லைன் கடைக்கு எழுதிய நிரல்தான் 2006இல் ஷாப்பிஃபை என்ற கடை மென்பொருள் ஆனது. வூகாமர்ஸ், ஜிகோஷாப் என்ற இன்னொரு மென்பொருளின் நிரலை எடுத்துக் கிளை பிரித்து 2011இல் வூதீம்ஸ் நிறுவனம் வெளியிட்டது. அந்த நிறுவனம் வேரூன்றியது தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில். 2015இல் அதை ஆட்டோமேட்டிக் என்ற நிறுவனம் வாங்கிக்கொண்டது. நல்ல மென்பொருள்கள்தான், குறை சொல்ல இல்லை. ஆனால் இவற்றை உருவாக்கியவர்கள் மனதில் வைத்திருந்த வாடிக்கையாளருக்குக் குடும்பப் பெயர் உண்டு, தினமும் திறந்து பார்க்கும் இமெயில் உண்டு, பணப்பையில் கிரெடிட் கார்டு உண்டு, வீட்டுக்கு எண்ணும் தெருவுக்குப் பெயரும் ஒழுங்காக உண்டு. திருச்செந்தூர்ப் பக்கம் கருப்பட்டியும் பனங்கற்கண்டும் விற்கும் ஒருவரின் வாடிக்கையாளருக்கு இதில் பாதி பொருந்தாது.

ஆகவே கடையை மேம்படுத்துவது என்றால் முதலில் அந்த அனுமானங்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டு நம் ஆட்களுக்கு ஏற்றதை வைப்பது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். பெரும்பாலான சின்னக் கடைக்காரர்கள் முதல் பணத்தைத் தளத்தின் தோற்றத்தைத் தரும் 'தீம்' என்பதில் போடுகிறார்கள். சுழலும் பேனர், மிதக்கும் பட்டன், அனிமேஷன். இவற்றால் ஒரு பார்சல்கூடக் கூடுதலாகப் போவதை நான் பார்த்ததில்லை. வாங்கலாம் என்று ஒருவர் முடிவெடுத்த கணத்துக்கும் பார்சல் அவர் கைக்குப் போய்ச் சேரும் கணத்துக்கும் நடுவில்தான் கடை ஒழுகுகிறது. பேச்சுக்கு அந்தக் கருப்பட்டிக் கடையையே வைத்துக்கொள்வோம். சேலை, செக்கு எண்ணெய், மண்பாண்டம் என்று எதை விற்றாலும் கதை ஏறக்குறைய இதுதான்.

விலாசம் எழுதும் இடம்

கடைசிப் பெயர்க் கட்டத்தை எடுத்துவிடலாம், அல்லது கட்டாயம் இல்லை என்று மாற்றலாம். நாலைந்து வரி நிரல் போதும். முதல் பெயர் என்ற இடத்தில் 'பெயர்' என்று மட்டும் போட்டால் யாருக்கும் குழப்பம் இல்லை. இந்தியாவுக்குள் மட்டும் விற்பதாக அமைப்பில் சொல்லிவிட்டால் நாடு கேட்கும் நீளப் பட்டியல் தானாகப் போய்விடும். நிறுவனத்தின் பெயர் கேட்கும் கட்டம் இருந்தால் அதையும் தூக்கிவிடலாம்.

இமெயில் கொஞ்சம் சிக்கல். வூகாமர்ஸ் இமெயிலைக் கட்டாயம் கேட்கும், ஆர்டர் விவரத்தையும் இமெயிலில்தான் அனுப்பும். நம்மூரில் பலருக்கு இமெயில் என்பது ஆண்ட்ராய்டு போனை முதல் நாள் திறக்கும்போது யாரோ போட்டுக்கொடுத்த ஒன்று. அதை அவர்கள் பார்ப்பதில்லை. போதாக்குறைக்கு மலிவு ஹோஸ்டிங்கிலிருந்து நேரடியாகக் கிளம்பும் இமெயில்கள் பல நேரம் ஸ்பேம் பெட்டியில்தான் விழும். அதனால் இங்கே உண்மையான விலாசம் தொலைபேசி எண். அதைக் கட்டாயமாக்கி, 10 இலக்கம் இருக்கிறதா என்று அங்கேயே சரிபார்க்க வேண்டும். கூரியர்காரர் வீட்டு எண்ணைப் பார்த்து வருவதில்லை. போன் போட்டு 'எங்கண்ணே இருக்கீங்க?' என்று கேட்டுத்தான் வருகிறார். எண் ஓர் இலக்கம் தப்பினால் பார்சல் திரும்பும்.

'அருகில் உள்ள அடையாளம்' என்று ஒரு கட்டம் சேர்ப்பது சிறு வேலை, பலன் பெரிது. பிள்ளையார் கோயில் எதிரில், ரேஷன் கடைக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் என்று நம் மக்கள் விலாசம் சொல்வதே அப்படித்தான். அந்தக் கட்டம் இல்லாவிட்டால் இதையெல்லாம் தெருப் பெயர் கட்டத்துக்குள் அடைத்து, லேபிளில் பாதி வெட்டுப்பட்டுப் போகும்.

6 இலக்கப் பின்கோடு 1972இல் வந்தது. முதல் இலக்கம் 6 என்றால் தமிழ்நாடு, கேரளா, புதுச்சேரி, லட்சத்தீவு என்று பொருள். பின்கோடை அடித்ததும் ஊரையும் மாவட்டத்தையும் தானே நிரப்பும் பிளகின்கள் கிடைக்கின்றன. ஒரு எச்சரிக்கை மட்டும். பின்கோடை வைத்து மாநிலத்தைத் தீர்மானிக்கும் இடத்தில் புதுச்சேரி காலை வாரும். 605 001 புதுச்சேரி, ஆனால் 605 602 விழுப்புரம். 609 001 மயிலாடுதுறை, 609 602 காரைக்கால். முதல் மூன்று இலக்கத்தைப் பார்த்து இது தமிழ்நாடு என்று முடிவு கட்டினால், புதுச்சேரி யூனியன் பிரதேசத்துக்கு அனுப்பும் பார்சல் தமிழ்நாட்டுக் கணக்கில் சேர்ந்துவிடும். இது ஏன் பெரிய விஷயம் என்றால், ஜிஎஸ்டி.

தமிழ்நாட்டில் பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவை. ஆனால் வரி உள்ள பொருளை மாநிலம் தாண்டி விற்றால் அந்த வரம்பு செல்லாது, முதல் பார்சலிலிருந்தே பதிவு வேண்டும். கைவினைப் பொருள் போன்ற சிலவற்றுக்கு மட்டும் சலுகை உண்டு. கருப்பட்டி வரி இல்லாத பொருள்தானே என்று கேட்கலாம். சில்லறையாக நிறுத்துக் கொடுத்தால் அப்படித்தான். லேபிள் ஒட்டிப் பாக்கெட்டில் அடைத்து விற்கும் வெல்ல வகைகள் 2022 ஜூலை 18 முதல் வரிக்குள் வந்துவிட்டன, பனை வெல்லம் உட்பட. ஆன்லைனில் அனுப்புவது பெரும்பாலும் பாக்கெட்தான். கடை திறந்த மூன்றாம் நாளே பெங்களூரிலிருந்து ஆர்டர் வந்துவிடும். சந்தோஷமாகத்தான் இருக்கும், ஆனால் பதிவு இல்லாமல் அனுப்பினால் சட்டப்படி தவறு. பதிவு கைக்கு வரும்வரை டெலிவரி பகுதியைத் தமிழ்நாட்டோடு நிறுத்திவைக்க வூகாமர்ஸ் அமைப்பிலேயே வழி இருக்கிறது. அந்த ஒரு அமைப்பு, எந்தத் தீம் அலங்காரத்தைக் காட்டிலும் முக்கியம். இதை ஆடிட்டரிடம் ஒரு தடவை கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது, ஏனென்றால் வரி விவரங்கள் அடிக்கடி மாறும்.

கூரியர் காசு

கூடையில் பொருளைப் போட்டவர்களில் சுமார் 70 சதவீதம் பேர் வாங்காமலே போய்விடுகிறார்கள் என்பது பேமார்ட் என்ற ஆய்வு நிறுவனம் பல ஆய்வுகளைக் கூட்டிச் சராசரி பார்த்துச் சொல்லும் கணக்கு. உலகளாவிய கணக்கு அது. சும்மா பார்க்க வந்தவர்களைத் தள்ளிவிட்டால், விட்டுப் போவதற்கு மக்கள் சொல்லும் காரணங்களில் முதலிடம் கடைசி நேரத்தில் ஏறும் கூடுதல் செலவுக்குத்தான். 450 ரூபாய் கருப்பட்டி என்று நினைத்து வந்தவருக்குக் கடைசிப் பக்கத்தில் 540 என்று காட்டினால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

கூரியர் காசு வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பொருள் பக்கத்திலேயே விலைக்குக் கீழே 'தமிழ்நாட்டுக்குள் 1 கிலோ வரை இவ்வளவு' என்று ஒரு வரி போட்டுவிட்டால் பாதிச் சிக்கல் தீரும். அந்தத் தொகையைச் சரியாகக் கணக்கிடுவதுதான் கடினம். வூகாமர்ஸில் இயல்பாக இருப்பவை ஒரே கட்டணம், இலவச டெலிவரி, நேரில் வந்து வாங்குவது ஆகிய மூன்றுதான். எடைக்கேற்ற கட்டணம் அதில் கிடையாது, தனி பிளகின் வேண்டும். பலர் அது தெரியாமல் ஒரே கட்டணம் என்று 60 ரூபாய் போட்டுவிட்டு, 5 கிலோ ஆர்டர் வரும்போது கைக்காசைப் போட்டு அனுப்புகிறார்கள்.

எடை என்பதிலும் இரண்டு உண்டு. தராசு காட்டும் எடை ஒன்று. பெட்டியின் நீள, அகல, உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000ஆல் வகுத்து வரும் கனஅளவு எடை இன்னொன்று. இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கூரியர் பில் போடும். ஓலைப் பெட்டியில் கருப்பட்டி அடுக்கி, அது நசுங்காமல் இருக்க 30க்கு 25க்கு 20 அளவில் ஓர் அட்டைப் பெட்டிக்குள் வைத்தால், உள்ளே இருப்பது ஒன்றரைக் கிலோவே ஆனாலும் கணக்கு 3 கிலோ. ஓலைப் பெட்டி பார்க்க அழகு, படமும் நன்றாக வரும், பரிசாகக் கொடுப்பவர்கள் விரும்பிக் கேட்பார்கள். அதைத் தனிப் பொருளாக, தனிக் கூரியர்க் கட்டணத்தோடு வைத்துவிடலாம். சாதாரண ஆர்டரைக் கச்சிதமான பெட்டியில் அனுப்பினால் ஒரு பார்சலுக்கு மிச்சமாகும் தொகை, பல நேரம் அந்தப் பொருளில் கிடைக்கும் லாபத்தைவிட அதிகம்.

இலவச டெலிவரிக்கான வரம்பை எங்கே வைப்பது என்பதற்கு உங்கள் பழைய ஆர்டர்களே பதில் சொல்லும். பெரும்பாலான ஆர்டர்கள் 600 ரூபாயில் நின்றால் 850, 900இல் வரம்பை வைக்கலாம். இன்னொரு அரைக் கிலோ சேர்த்தால் எட்டிவிடும் தூரம். 2000 என்று வைத்தால் ஒருவரும் முயற்சி செய்ய மாட்டார்கள்.

பணம் போனது, ஆர்டர் வரவில்லை

'காசு போயிருச்சு, ஆர்டர் கன்ஃபார்ம் ஆகலையே' என்ற வாட்ஸப் செய்தி எல்லாச் சின்னக் கடைக்காரருக்கும் பழக்கமானது. இது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் தடுப்பது எளிது. வாடிக்கையாளர் யூபிஐயைத் தேர்ந்தெடுத்ததும் பிரவுசரிலிருந்து ஜிபேயோ போன்பேயோ திறக்கும். பின் எண்ணைப் போட்டுப் பணம் கட்டிவிட்டு அவர் மறுபடி பிரவுசருக்குத் திரும்ப வேண்டும். விலை குறைந்த போன்களில் நினைவகம் கொஞ்சம்தான், ஆகவே பின்னால் இருந்த பிரவுசர் பக்கத்தை அதற்குள் போன் மூடியிருக்கும். சிலர் பணம் போன சத்தம் கேட்டதுமே வேலை முடிந்தது என்று போனைப் பையில் போட்டுவிடுவார்கள். வாடிக்கையாளர் திரும்பி வந்தால்தான் ஆர்டரை உறுதி செய்வேன் என்று கடை காத்திருந்தால் அது 'பணம் நிலுவை' என்றே நிற்கும். ஸ்டாக்கை மென்பொருளே கவனித்துக்கொள்ளும் கடைகளில், பணம் வராத ஆர்டரை 60 நிமிடத்தில் ரத்து செய்வதுதான் வூகாமர்ஸின் இயல்பான அமைப்பு. பணம் கட்டியவரின் ஆர்டரே ரத்தாகிவிட்டால் அவர் என்ன நினைப்பார்?

இதற்கு மருந்து வெப்ஹுக். வாடிக்கையாளரிடம் பணத்தை வாங்கிக் கடைக்குச் சேர்க்கும் பேமெண்ட் கேட்வே, பணம் வந்துவிட்டது என்ற செய்தியை நேரடியாகக் கடையின் சர்வருக்கே சொல்லும் ஏற்பாடு இது. வாடிக்கையாளரின் போன் அணைந்து கிடந்தாலும் இது வேலை செய்யும். கேட்வேயின் பக்கத்தில் ஒரு முகவரியையும் ஒரு ரகசியச் சொல்லையும் நிரப்பினால் முடிந்தது. பல கடைகளில் யாரும் இதைச் செய்வதே இல்லை, ஏனென்றால் சோதனை ஆர்டர் போடும்போது அது இல்லாமலே எல்லாம் சரியாக ஓடுகிறது. சில நேரம் பாதுகாப்பு பிளகின் ஒன்று கேட்வேயின் செய்தியைத் தாக்குதல் என்று நினைத்துத் தடுத்துவிடும். கேட்வே பக்கத்தில் உள்ள பதிவில் அது தெரியும், மாதம் ஒரு தடவை எட்டிப் பார்க்கலாம்.

கேட்வே எதற்கு, க்யூஆர் படத்தை ஒட்டிவைத்து ஸ்கிரீன்ஷாட் அனுப்பச் சொன்னால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. யூபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் வணிகரிடம் வாங்கும் எம்டிஆர் கட்டணம் 2020 ஜனவரியிலிருந்து கிடையாது என்பதால் அந்த வழி செலவில்லாதது. நாளைக்கு நாலைந்து ஆர்டர் வரும்வரை அது ஓடும். அதற்குமேல் எந்த ஸ்கிரீன்ஷாட் யாருடையது என்று தேடுவதே தனி உத்தியோகம் ஆகிவிடும். போலி ஸ்கிரீன்ஷாட் தயாரிக்கும் செயலிகளும் உலவுகின்றன.

கேஷ் ஆன் டெலிவரியைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. புதுக் கடையை நம்பி முன்பணம் கட்ட மக்கள் தயங்குவது நியாயமே. ஆனால் வாங்காமல் திருப்பி அனுப்பப்படும் ஒவ்வொரு பார்சலுக்கும் போகும் செலவும் திரும்பும் செலவும் கடைக்காரர் தலையில். உணவுப் பொருள் பத்து நாள் வேனிலும் குடோனிலும் கிடந்துவிட்டு வந்தால் மறுபடி விற்கவும் முடியாது. கருப்பட்டி மழைக்காலத்தில் ஈரத்தை இழுத்துக் கசிந்து, பெட்டி பிசுபிசுத்துத் திரும்பி வரும். வூகாமர்ஸ் கேஷ் ஆன் டெலிவரி ஆர்டரைக் கேள்வி கேட்காமல் நேராகத் தயாரிப்பு நிலைக்குத் தள்ளிவிடும். நடுவில் வாட்ஸப்பிலோ போனிலோ ஓர் உறுதிப்படுத்தலை நீங்கள்தான் வைக்க வேண்டும். கூரியர் செலவை மட்டும் முன்னால் கட்டச் சொல்லி மீதியை வீட்டில் வாங்கும் முறையும் இப்போது பரவலாகி வருகிறது. என்னைக் கேட்டால் உணவுப் பொருளுக்கு அதுதான் சரி.

பொருள் பக்கமும் தமிழும்

கருப்பட்டி வாங்குபவரின் பயம் ஒன்றே ஒன்றுதான், சீனி கலந்திருக்குமோ என்பது. பல கடைகளின் பொருள் பக்கங்கள் அதைத் தொடாமல் '100% இயற்கை, பாரம்பரியச் சுவை' என்று மங்களம் பாடிவிட்டுப் போகின்றன. எந்த ஊரில் காய்ச்சியது, எந்தப் பருவத்தில் இறக்கிய பதநீர், பழைய சரக்கா புதிதா, உடைத்துப் பார்த்தால் உள்ளே எப்படி இருக்கும், ஒரு கிலோவுக்கு எத்தனை வட்டு நிற்கும் என்பவை அந்தப் பக்கத்தில் இருக்க வேண்டும். இவற்றைக் கண்டுபிடிக்க எந்த நிபுணரும் தேவையில்லை. கடந்த ஆறு மாத வாட்ஸப்பைத் திறந்து, வாங்கும் முன் மக்கள் என்ன கேட்டார்கள் என்று எழுதினால் அதுவே பக்கத்தின் உள்ளடக்கம். பதநீர் பருவத்துக்கானது, ஆண்டு முழுவதும் ஒரே தரம் ஒரே விலை என்று காட்டுவதே சந்தேகத்தைக் கிளப்பும். உடன்குடி கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. வேறு ஊர்ச் சரக்கை அந்தப் பெயரில் போடுவது இனி வெறும் வாய்ச்சவடால் அல்ல, சட்டச் சிக்கல்.

சட்டம் கேட்பவையும் இருக்கின்றன. பாக்கெட் பொருளை ஆன்லைனில் விற்பவர் எம்ஆர்பி, நிகர எடை, தயாரிப்பாளர் அல்லது பாக்கெட் செய்தவரின் பெயர், முகவரி ஆகியவற்றைத் தளத்திலேயே காட்ட வேண்டும் என்பது 2018 முதல் நடைமுறை. உணவுப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண்ணும் உண்டு. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் மின்வணிக விதிகள் கடையின் முகவரியையும் குறைதீர்க்கும் அலுவலரின் பெயரையும் கேட்கின்றன. புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தனி ஆளாகக் கடை நடத்துபவருக்கு அந்த அலுவலரும் அவரேதான். இதை வெட்டிச் சடங்காகப் பார்க்க வேண்டாம். முன்பின் தெரியாத கடையில் பணம் கட்டப் போகிறவர் முதலில் தேடுவதே இந்த முகவரியையும் போன் எண்ணையும்தான்.

தமிழில் கடை நடத்தும்போது மட்டும் வரும் சில நுட்பச் சிக்கல்களும் உண்டு, இவற்றைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. பொருளின் பெயரைத் தமிழில் அடித்தால் வேர்ட்பிரஸ் அதையே பக்கத்தின் முகவரியாகவும் எடுத்துக்கொள்ளும். இணைய முகவரியில் தமிழ் எழுத்து நேரடியாகப் போகாது. ஒவ்வொரு எழுத்தும் புள்ளியும் துணைக்குறியும் தனித்தனியாக, சதவீதக் குறியும் ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த 9 குறிகளாக மாறும். 'கருப்பட்டி' என்ற ஒரு சொல்லுக்கு 90 குறி. வேர்ட்பிரஸ் இதற்கு ஒதுக்கும் இடம் 200. 'சுக்குக் கருப்பட்டி அரை கிலோ' என்று பெயர் வைத்தால் கடைசியில் உள்ள 'கிலோ'வுக்கு இடம் இருக்காது, வெட்டிவிடும். அதை வாட்ஸப்பில் பகிர்ந்தால் நாலைந்து வரிக்குக் கிறுக்கலாகத் தெரியும், வைரஸ் லிங்க் என்று நினைத்து மக்கள் தொடமாட்டார்கள். பெயர் தமிழில் இருக்கட்டும், முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாக மாற்றிவிடலாம். பொருளைச் சேர்க்கும்போதே இதைச் செய்ய வேண்டும், பின்னால் மாற்றினால் பழைய லிங்குகளுக்கு வழிமாற்றமும் போட வேண்டிவரும்.

தேடல் பெட்டி இன்னொன்று. வேர்ட்பிரஸின் இயல்பான தேடல், அடித்த எழுத்து அப்படியே இருக்கிறதா என்று தலைப்பிலும் விவரத்திலும் பார்க்கும், அவ்வளவுதான். ஒருவர் கருப்பட்டி என்று தேடுவார், இன்னொருவர் கருப்புக்கட்டி என்பார், மற்றொருவர் பனை வெல்லம் என்பார், சென்னைப் பிள்ளைகள் ஆங்கில எழுத்தில் ஒரு 'ப' போட்டோ இரண்டு 'ப' போட்டோ அடிப்பார்கள். பொருள் இருந்தும் 'எதுவும் கிடைக்கவில்லை' என்று கடை சொல்லும். பொருள் விவரத்தின் கடைசியில் 'இதற்கு வழங்கும் பிற பெயர்கள்' என்று ஒரு வரி சேர்த்து எல்லா வடிவங்களையும் எழுதிவிட்டால் போதும். கூகுளுக்கும் அதே வரி உதவும்.

தமிழில் எஸ்எம்எஸ் அனுப்ப நினைத்தால் ஒரு கணக்கு. ஆங்கிலத்தில் 160 குறி கொள்ளும் ஒரு செய்தியில் தமிழுக்கு 70தான், அதிலும் புள்ளியும் துணைக்குறியும் தனித்தனியாக எண்ணப்படும். இரண்டு வரி எழுதினாலே மூன்று செய்திக்கான காசு. வணிக எஸ்எம்எஸ்ஸுக்கு முன்பதிவு செய்த வாசகமும் வேண்டும். சின்னக் கடைக்கு வாட்ஸப் பிஸினஸே போதும்.

படங்களை எடுத்தபடியே ஏற்ற வேண்டாம். போனில் எடுத்த படம் ஒன்று 4, 5 எம்பி இருக்கும். அகலத்தை 1200 பிக்ஸலாகக் குறைத்து வெப்பி (WebP) என்ற பட வடிவில் மாற்றினால் 100, 150 கேபிக்குள் அடங்கிவிடும். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 வினாடிக்குள் திரையில் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். கடைவீதியில் நின்றுகொண்டு ஒற்றைக் கோடு சிக்னலில் உங்கள் கடையை நீங்களே திறந்து பார்ப்பது அதைவிட நேர்மையான சோதனை.

சேர்க்கக் கூடாதவை

'இன்னும் 2 மட்டுமே மீதி', '09:59க்குள் வாங்கினால் தள்ளுபடி', 'ராமநாதபுரத்திலிருந்து ஒருவர் இப்போதுதான் வாங்கினார்' என்று கீழே துள்ளும் பெட்டி. இவற்றைப் பொய்யாகவே காட்டும் பிளகின்கள் கொட்டிக் கிடக்கின்றன, அமைப்பிலேயே எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்குள் காட்ட வேண்டும் என்று கேட்கும். 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஏமாற்று வடிவமைப்புகளைத் தடுக்கும் வழிகாட்டுதலை வெளியிட்டு 13 வகைகளைப் பட்டியலிட்டது. பொய் அவசரம் காட்டுவது, கேட்காமலே கூடையில் எதையாவது சேர்ப்பது, விலையைக் கடைசிவரை துளித்துளியாக ஏற்றுவது, வேண்டாம் என்பவரைக் கூசவைக்கும் வாசகம் எல்லாம் அதில் உண்டு. முன்கூட்டியே டிக் போட்ட சம்மதக் கட்டத்தை 2020 விதிகளே தடுத்துவிட்டன. சட்டத்தை விடுங்கள், ஊர்ப் பெயரைச் சொல்லி விற்கும் ஒரு கடைக்கு இதைவிடக் கேவலம் இல்லை. உண்மையிலேயே இந்தப் பருவத்துச் சரக்கு 40 கிலோதான் மீதி என்றால் தாராளமாகச் சொல்லலாம்.

பெரிய நிறுவனங்களைப் பார்த்து, பட்டனின் நிறத்தை இரண்டு விதமாக வைத்து எது அதிகம் விற்கிறது என்று சோதிக்கச் சொல்லும் ஆலோசகர்களும் உண்டு. நூறு பேர் வந்தால் இருவர் வாங்கும் கடையில், மாற்றத்தால் விற்பனை ஐந்தில் ஒரு பங்கு கூடியதா என்று நம்பிக்கையோடு சொல்ல ஒவ்வொரு வடிவத்துக்கும் ஏறக்குறைய 20,000 வருகை வேண்டும். நாளைக்கு 150 பேர் வரும் கடை அதற்கு ஒன்பது மாதம் காத்திருக்க வேண்டும், அதற்குள் பொங்கலும் தீபாவளியும் வந்து கணக்கையே கலைத்துவிடும். சித்தியிடமோ எதிர்வீட்டுக்காரரிடமோ போனைக் கொடுத்து, 'அரைக் கிலோ கருப்பட்டி ஒண்ணு வாங்குங்க' என்று சொல்லிவிட்டு வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்காருங்கள். எங்கே விரல் தயங்குகிறது, எங்கே 'இது என்ன கேக்குது?' என்று நிமிர்ந்து பார்க்கிறார்கள் என்பதில் அந்த வாரத்துக்கான வேலைப் பட்டியல் கிடைத்துவிடும்.

செய்த மாற்றங்கள் நிலைக்க ஓர் ஏற்பாடு வேண்டும். தீமின் கோப்புகளைத் திறந்து நேரடியாகத் திருத்தினால் அடுத்த அப்டேட்டில் எல்லாம் அழிந்துபோகும். மூலத் தீமைத் தொடாமல் நம் திருத்தங்களை மட்டும் தனியாக வைக்கும் சைல்டு தீம் ஒன்றை உருவாக்கி அதில் திருத்துவது, சின்ன நிரல்களை அதற்கென்ற பிளகினில் வைப்பது என்பதுதான் முறை. 2023 கடைசியில் வந்த 8.3 பதிப்பிலிருந்து புதிய கடைகளுக்கு வூகாமர்ஸ் பிளாக் (block) வடிவிலான செக் அவுட்டை, அதாவது பணம் கட்டும் பக்கத்தை, தருகிறது. பழைய செக் அவுட்டுக்காக எழுதிய பல நிரல்கள் அதில் வேலை செய்யாது, பிழை என்றும் காட்டாது, சும்மா இருந்துவிடும். இணையத்தில் கிடைக்கும் பழைய நிரலை ஒட்டிவிட்டு 'ஏன் மாறல?' என்று மண்டையைப் பிய்த்துக்கொள்பவர்களில் பலருக்கு இதுதான் காரணம். முதலில் உங்கள் கடையில் இருப்பது எந்தச் செக் அவுட் என்று பாருங்கள்.

எந்த அப்டேட்டுக்கும் முன்னால் பேக்கப், அப்டேட் முடிந்ததும் சொந்தப் போனிலிருந்து ஓர் ஆர்டர், யூபிஐயில் ஒரு தடவை, கேஷ் ஆன் டெலிவரியில் ஒரு தடவை. இதற்கென்றே 1 ரூபாய் விலையில் ஒரு பொருளை மறைவாக வைத்துக்கொண்டால் வசதி. செவ்வாய், புதன் காலை வேளைகள் தோது, ஹோஸ்டிங்காரர்களும் போனை எடுப்பார்கள். தீபாவளிக்கு முந்தைய பதினைந்து நாளும் பாதுகாப்புத் திருத்தம் தவிர எதையும் தொடாதீர்கள்.